பாஸ்போர்ட்டுக்காகப் படித்த பிரெஞ்சு... புத்தகத்துக்காகப் படித்தால்?

நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே வந்தாலும், தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வந்தாலும், இருபது கிலோமீட்டருக்குள் தமிழ்நாடு முடிந்து காரைக்கால் தொடங்கிவிடும். அதே வயல், அதே வாய்க்கால், அதே தஞ்சை மண்ணின் பேச்சு. ஆனால், ஊராட்சி அலுவலகப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று இருக்கும். திருநள்ளாறு, நிரவி, கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம் எல்லாமே கொம்யூன்கள்தான். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போய்வரும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அது பிரெஞ்சு வார்த்தை என்று யோசித்திருப்பார்கள்?

1739-ல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. நடுவில் ஆங்கிலேயர் சிலமுறை பிடுங்கிக்கொண்டதைக் கழித்துவிட்டால், 1954 நவம்பர் 1-ம் தேதி இந்தியாவிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்படும் வரை பிரெஞ்சுக் கொடிதான். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட்டில்தான் நடந்தது. பழைய பிரெஞ்சு வரைபடங்களில் ஊரின் பெயரில் ஒரு ‘ஐ’ காணாமல் போய், ‘கரிகால்’ என்று இருக்கும். ஏதோ சோழன் கட்டிய ஊர் போல!

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மொழி ஊரை ஆண்டிருக்கிறது. அந்த மொழியில் மோலியேர் நாடகம் எழுதினார், விக்தர் ஹ்யூகோ நாவல் எழுதினார், போதலேர் கவிதை எழுதினார். காரைக்காலில் அந்த மொழியைப் படித்தவர்கள் எதற்காகப் படித்தார்கள்?

பெரும்பாலும் காகிதத்துக்காக.

பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கோர்ட்டுத் தீர்ப்பு எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. அரசு வேலைக்கு பிரெஞ்சு வேண்டும். ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றித் திரும்பியவர்களை ஊர் ‘சொல்தா’ என்று அழைத்தது. சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை அது. அவர்களுக்குப் பென்ஷன் பிரான்ஸிலிருந்து வந்தது. 1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பாரிஸ் புறநகரில் ஒரு மாமா, ஒரு சித்தி இருப்பது அந்தக் காகிதத்தால்தான். அந்த வழியில் போக விரும்புகிற பிள்ளைகள் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார்கள். போகட்டும், அதில் தப்பே இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு மொழி கற்பது உலகம் முழுக்க நடப்பதுதான். தமிழ்நாட்டுப் பக்கம் ப்ளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகிற கூத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால், இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காரைக்கால்காரர்கள் பிரெஞ்சில் சான்றிதழ் படித்துக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் தமிழில் காரைக்காலின் கவிதையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் புத்தகம் அம்மையாருடையது

1955-ல் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆட்சி கைவிட்டுப் போன பிறகும் ஆய்வு தொடர வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட நிறுவனம். அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. மருத்துவம் படித்தவர், பிறகு சமஸ்கிருதம், தமிழ், திபெத்திய மொழிகளுக்குள் போனவர். அந்த நிறுவனத்தின் இந்தியவியல் நூல் வரிசையில் முதல் எண் எந்த நூலுக்குக் கிடைத்தது தெரியுமா? 1956-ல் வெளிவந்த காரைக்கால் அம்மையார் பாடல்களுக்கு. தமிழ் மூலத்தோடு, காரவேலனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் ஃபிலியோசாவின் முன்னுரையும் சேர்ந்த புத்தகம் அது. சங்க இலக்கியம் இருந்தது, திருக்குறள் இருந்தது, கம்பன் இருந்தான். இருந்தும் முதல் இடம் பரமதத்தன் மனைவி புனிதவதிக்கு.

அம்மையார் பாடியவை மொத்தம் 143 பாடல்கள்தான். அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22. ஆனியில் மாங்கனித் திருவிழா வந்தால் ஊரே திரண்டு மாம்பழம் வீசும். மாம்பழக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாட்டு? சுடுகாட்டில் பேய்கள் ஆடுவதையும், நெருப்பு எரிவதையும், நடுவில் இறைவன் நடனமிடுவதையும் கண் கூசாமல் பாடிய பெண் அவர். ‘பேய்’ என்று தன்னையே சொல்லிக்கொண்டவர். அழகு வேண்டாம் என்று உதறிய ஒரு பெண்ணின் குரல் ஆறாம் நூற்றாண்டிலேயே இப்படி ஒலித்திருக்கிறது என்பது, போதலேரைப் படித்து வளர்ந்த பிரெஞ்சு வாசகனுக்கு எவ்வளவு பெரிய வியப்பாக இருந்திருக்கும்! 1982-ல் அந்த நூல் மறுபதிப்பு கண்டது. இம்முறை பின்னுரையும் சொல்லடைவும் எழுதியவர் பிரான்சுவா குரோ.

குரோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1960-களில் புதுச்சேரிக்கு வந்தவர். அவர் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டது எளிதான நூல் அல்ல, பரிபாடல். தமிழ்ப் பேராசிரியர்களே உரையைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறுகிற நூல். 1968-ல் அதை பிரெஞ்சில் கொண்டுவந்தார். பிறகு திருக்குறளின் காமத்துப்பாலைத் தனி நூலாக மொழிபெயர்த்தார். நவீனத் தமிழ்ச் சிறுகதைகளைத் தொகுத்து பிரெஞ்சு வாசகர்களுக்குக் கொடுத்தார். 2021-ல் மறையும்வரை தமிழ்தான். அவருக்கு இங்கே ரேஷன் கார்டு தேவையில்லை, அரசு வேலை தேவையில்லை. படிக்க வேண்டும் என்பது மட்டுமே தேவை.

அவருக்கு முன்னோடிகள் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த எத்வார் ஆரியேல், அலுவலக நேரம் போக ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1840-களின் கடைசியிலேயே குறள்களை பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டார். 1854-ல் இறந்தபோது அவருக்கு வயது 36. இன்னொருவர் ழூலியேன் வேன்சோன். பிள்ளைப் பருவத்தில் பிரெஞ்சிந்தியாவில் தமிழைக் காதால் கேட்டு வளர்ந்தவர், படித்தது வனத்துறைப் படிப்பு. கடைசியில் பாரிஸில் தமிழ்ப் பேராசிரியர் ஆகிவிட்டார். உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணியைப் படித்துவிட்டு, பாரிஸிலிருந்து தமிழிலேயே அவருக்குக் கடிதம் எழுதினார். கும்பகோணம் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குப் பாரிஸிலிருந்து தமிழ்க் கடிதம் வந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘என் சரித்திர’த்தில் ஐயர் அதைப் பூரிப்போடு எழுதியிருக்கிறார்.

இந்தக் கடற்கரைக்கே அப்படி ஒரு ராசி இருக்கிறதோ என்னவோ! காரைக்காலுக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. 1706-ல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் வந்து இறங்கிய ஊர். மதம் பரப்ப வந்தவர்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் ‘அ’, ‘ஆ’ எழுதித் தமிழ் கற்றவர், இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேகரித்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று பட்டியல் போட்டுவிட்டார். வந்த வேலையைத் தாண்டிப் படிப்பு அவரை இழுத்துக்கொண்டது.

எதிர்த் திசையில் நடந்தவர்கள்

நம் பக்கத்திலிருந்து போனவர்கள் குறைவு. குறைவுதானே தவிர, இல்லாமல் இல்லை.

புதுச்சேரியில் பத்தாண்டு தங்கியபோது பாரதி பிரெஞ்சு கற்றார். அவருக்குப் பின் ஆசிரமத்தில் வாழ்ந்த சுத்தானந்த பாரதியார் பிரெஞ்சு கற்று ஹ்யூகோவைப் படித்தார். படித்ததோடு நிற்கவில்லை. ‘லே மிஸெராப்’ என்ற அந்தப் பெரிய நாவலை ‘ஏழைபடும் பாடு’ என்று தமிழாக்கினார். ரொட்டி திருடிய குற்றத்துக்காகச் சிறை சென்றவனின் கதை. 1950-ல் அது சினிமாவாக வந்து, நாகையா நடிப்பில் ஊர் ஊராக ஓடியது. அதில் விடாமல் துரத்துகிற போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன். அன்றிலிருந்து அவர் ‘ஜாவர் சீதாராமன்’. பத்திரிகைத் தொடர்கதைகளால் நம் பாட்டிகளுக்கு அத்தனை பழக்கமான அந்தப் பெயரின் முன்பாதி ஹ்யூகோ போட்ட பிச்சை!

அடுத்த பெரிய அடி 1980-ல். ஆல்பெர் காம்யுவின் நாவல் ‘அந்நியன்’ என்ற பெயரில் க்ரியா வெளியீடாக வந்தது. மொழிபெயர்த்தவர் வெ.ஸ்ரீராம், சென்னைக்காரர். பிரெஞ்சு ஆட்சிக்கும் சென்னைக்கும் சம்பந்தமில்லை (1746-ல் பிடித்து மூன்று வருடம் வைத்திருந்ததைச் சேர்க்காவிட்டால்). குடும்பத்திலோ அலுவலகத்திலோ பிரெஞ்சு தேவைப்பட்டுக் கற்றவர் அல்ல, இலக்கிய ஆசையால் கற்றவர். அடுத்த ஆண்டே புதுச்சேரியைச் சேர்ந்த மதனகல்யாணியோடு சேர்ந்து ‘குட்டி இளவரசன்’ கொண்டுவந்தார். பிறகு ழாக் ப்ரெவெரின் கவிதைகள் ‘சொற்கள்’ ஆயின, காம்யுவின் கடைசி நாவல் ‘முதல் மனிதன்’ ஆயிற்று. பிரெஞ்சு அரசு அவருக்குச் செவாலியே விருது கொடுத்தது. ஸ்ட்ராஸ்பூரில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா, மார்கெரித் த்யுராவின் நாவலைக் ‘காதலன்’ என்று தந்தார்.

இவர்கள் எல்லாரும் இங்கிலீஷ் வழியாக வந்திருக்க முடியாதா? வந்திருக்கலாம். தமிழில் வந்த பெரும்பாலான உலக இலக்கியம் அப்படித்தான் வந்தது. ஆனால் பிரெஞ்சு விஷயத்தில், இங்கிலீஷ் வழியாக வருவது பக்கத்து வீட்டுக்குப் போக பஸ் பிடித்து ஊரைச் சுற்றுவது மாதிரி.

ஏன் என்று ‘குட்டி இளவரசன்’ கதையிலேயே பார்க்கலாம். பிரெஞ்சில் நமக்கு இருப்பதுபோலவே ‘நீ’யும் உண்டு, ‘நீங்கள்’ளும் உண்டு. பாலைவனத்தில் விமானியை முதன்முதலாகப் பார்க்கிற குட்டி இளவரசன், ஆடு வரைந்து தரச் சொல்லிக் கேட்கிறான். அந்த ஒரே வாக்கியத்தில் ‘தயவுசெய்து’ என்னும் பகுதி ‘நீங்கள்’ போட்டு வருகிறது, ‘வரைந்து கொடு’ என்னும் பகுதி ‘நீ’ போட்டு வருகிறது. மரியாதை சொல்லிக் கொடுத்து வளர்த்த குழந்தை, அவசரத்தில் ஒருமைக்குத் தாவிவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் புதிதாக வந்த மாமாவிடம் பேசுவது போலவே இல்லையா? அவன் ரோஜாவும் அப்படித்தான். ஆரம்பத்தில் பிகுவாக, ‘நீங்கள் எனக்குத் திரை வையுங்கள், மூடி போடுங்கள்’ என்கிற தோரணையில் இருக்கும். அவன் கிரகத்தை விட்டுக் கிளம்பும்போது, மன்னிப்புக் கேட்கையில், அது ‘நீ’ என்று இறங்கிவிடுகிறது. ‘காதல்’ என்ற வார்த்தையைவிட அந்த ‘நீ’ பெரியது. இங்கிலீஷில் எல்லாமே ‘யூ’. அங்கே போனால் இந்த இரண்டு இடமும் தண்ணீரில் கரைந்துபோகும். பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தால், ரோஜாவுக்குப் பேச இரண்டு வார்த்தைகளும் தயாராக இருக்கின்றன.

எல்லாமே இப்படிச் சுலபம் என்று சொல்வதற்கில்லை. பிரெஞ்சில் இறந்தகாலம் பல விதம். கதைப் புத்தகத்துக்கென்று ஒரு இறந்தகாலம், வாய்ப்பேச்சுக்கு வேறொரு இறந்தகாலம். கதைக்கு உரியதை விட்டுவிட்டு, நாவல் முழுவதையும் பேச்சுவழக்கின் இறந்தகாலத்தில் நடத்திச் சென்றார் காம்யு. 1942-ல் பிரெஞ்சு வாசகர்களுக்கு அதுவே அதிர்ச்சி. தமிழில் ‘வந்தான்’ வீட்டிலும் ‘வந்தான்’, புத்தகத்திலும் ‘வந்தான்’. இங்கே எந்த மொழிபெயர்ப்பாளரும் கையைப் பிசைய வேண்டியதுதான். அந்த அதிர்ச்சி வேண்டும் என்றால் பிரெஞ்சு கற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கப்பலேறிய கதை

இதெல்லாம் சரி, காரைக்கால்காரருக்குக் காம்யு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவருக்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது, அது இன்னும் நெருக்கமானது.

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? ஒப்பந்தக் கூலிகளைத் தேடி இந்தப் பக்கம் வந்தார்கள். 1853-ல் முதல் கப்பல் மார்த்தினீக் போய்ச் சேர்ந்தது, அடுத்த ஆண்டு குவாதலூப். முப்பது சொச்சம் ஆண்டுகளில் மார்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். ரெயூனியனுக்குப் போனவர்கள் தனிக் கணக்கு. புதுச்சேரியைப் போலவே காரைக்கால் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி நடந்து வந்தால், முதலில் எட்டுகிற பிரெஞ்சுத் துறைமுகம் காரைக்கால்தான்.

போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது. பெயர் மட்டும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி என்றெல்லாம் குவாதலூப்பில் இன்றும் குடும்பப் பெயர்கள். அங்கே ‘நத்ரோன்’ என்றொரு கூத்து உண்டு. நம் ‘நாடகம்’தான் அப்படித் திரிந்திருக்கிறது. அர்த்தம் தெரியாமலேயே தமிழ்ப் பாட்டை மனப்பாடம் செய்து ராத்திரி முழுக்க ஆடியிருக்கிறார்கள்.

அந்த மக்களின் கதையை எழுதியவர்கள் எந்த மொழியில் எழுதினார்கள்? பிரெஞ்சில். மார்த்தினீக் எழுத்தாளர் ரஃபாயேல் கோன்ஃபியானின் ‘லா பான்ஸ் து ஷக்கால்’ 2004-ல் வந்தது. பஞ்சத்தில் ஊரைவிட்டு மார்த்தினீக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களைப் பற்றிய நாவல். அதற்கு முந்தைய ஆண்டு மொரீஷியஸ் எழுத்தாளர் நட்டாஷா அப்பனா, அந்தத் தீவுக்கு இந்தியாவிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட கூலிகளின் பயணத்தை நாவலாக்கினார். காரைக்கால் கடற்கரையில் நின்று கையசைத்த ஒரு தாய்க்கு, போன பிள்ளை என்ன ஆனான் என்று கடைசிவரை தெரிந்திருக்காது. அவன் என்ன ஆனான் என்பது கடலுக்கு அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. பென்ஷன் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்த அதே மொழியில்.

எங்கே தொடங்குவது?

பேசக் கற்பதைவிட வாசிக்கக் கற்பது சீக்கிரம் கைகூடும். பிரெஞ்சில் எழுதுவதில் பாதியை உச்சரிப்பதில்லை. எழுதிய எழுத்தையெல்லாம் ஒலித்தே பழகிய தமிழ் நாக்குக்கு அது பெரும் சோதனை. ஆனால் கண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கிலீஷில் புழங்குகிற ஆயிரக்கணக்கான சொற்கள் பிரெஞ்சிலிருந்து வந்தவை என்பதால், ஓரளவு இங்கிலீஷ் தெரிந்தவருக்கு முதல் பக்கத்திலேயே பல முகங்கள் தெரிந்த முகங்களாக இருக்கும். எண்கள்தான் கொஞ்சம் படுத்தும். தொண்ணூறு என்பதற்கு ‘நான்கு இருபது பத்து’ என்பார்கள். சிரிக்க வேண்டாம். பத்துக்கு முந்தியதை ‘ஒன்பது’ என்றும், நூறுக்கு முந்தியதைத் ‘தொண்ணூறு’ என்றும், ஆயிரத்துக்கு முந்தியதைத் ‘தொள்ளாயிரம்’ என்றும் சொல்கிற நம் கணக்கைக் கேட்டு அவர்களும் சிரிக்கலாம்.

பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பதுதான் நமக்குப் பிடிபடாத சங்கதி. நாற்காலி பெண், புத்தகம் ஆண். உயர்திணை, அஃறிணை என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் நமக்கு இது அநியாயமாகத் தோன்றும். நல்லவேளையாக, படிக்கும்போது அதில் தப்புச் செய்ய வாய்ப்பில்லை. எழுதியவர் சரியாக எழுதியிருப்பார்.

அடிப்படை இலக்கணம் ஓர் ஆண்டு. அதற்குப் பிறகு, தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு கையிலும் பிரெஞ்சு மூலம் இன்னொரு கையிலுமாக வாசிப்பதுதான் நல்ல வழி. ப்ரெவெரின் கவிதைகள் இதற்கென்றே செய்தவை போலச் சின்ன வாக்கியங்கள், தெருவில் புழங்குகிற சொற்கள். ‘சொற்கள்’ தமிழில் இருக்கவே இருக்கிறது. பெரிய நாவலில் குதித்து, பத்தாவது பக்கத்தில் அகராதியோடு மூழ்கிப்போனவர்கள் கதை ஏராளம். புதுச்சேரிவரை போக முடிந்தவர்களுக்கு 1889-லிருந்து அங்கே இருக்கும் அல்லயான்ஸ் பிரான்சேஸும், 1827-ல் தொடங்கப்பட்டு இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இயங்கும் நூலகமும் இருக்கின்றன.

காரைக்காலில் பிறந்தவருக்கு மட்டும் இன்னொரு குறுக்குவழி உண்டு. காரவேலன் மொழிபெயர்த்த அம்மையார் நூல். தமிழ் தெரியாத பிரெஞ்சுக்காரர்களுக்காகச் செய்த வேலை அது, ஆனால் தலைகீழாகப் பிடித்தால் நமக்குப் பாடப்புத்தகம். பாட்டின் பொருள் முன்பே தெரியும், பலருக்கு கோயிலில் கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆகியிருக்கும். பிரெஞ்சு வரி எதைச் சொல்ல வருகிறது என்பதை அகராதிக்கு முன்னால் அம்மையாரே சொல்லிவிடுவார். அற்புதத் திருவந்தாதி நீளம். திருவிரட்டை மணிமாலையில் தொடங்கலாம். இருபதே பாட்டு, வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும்.